சொந்தத்தில் கல்யாணமா?

தண்டையார்பேட்டையில் சாரம் கட்டுவது என் தொழில். மகளுக்கு ஏழு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. தூங்கி எழுந்ததும் இரண்டு கையையும் விரித்து உதறுவாள், விட்டு விட்டுப் பத்துப் பதினைந்து தடவை. அம்மா திருஷ்டி கழித்தார். நான் போனில் வீடியோ எடுத்து வைத்தேன். டாக்டர் அதைப் பார்த்த கையோடு, ஃபிட்ஸா என்று பார்க்க மூளைக்கு இ.இ.ஜி. எழுதினார்.

எந்த மேசைக்குப் போனாலும் முதல் கேள்வி, "சொந்தத்தில் கல்யாணமா?" மனைவி என் அத்தை மகள். ஆமாம் என்றால் போதும், கேட்டவர் முகத்தில் 'அதான் பார்த்தேன்' என்று எழுதியிருக்கும். அவள் தலை குனிந்துகொள்வாள்.

எம்.ஆர்.ஐ.யில் மூளை மடிப்புகள் குறைவு என்று வந்தது. அப்புறம் ஜீன் பரிசோதனை. ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம், ஆறு வாரக் காத்திருப்பு. ரிப்போர்ட்டில் 'டியூபா1ஏ' ஜீனில் ஒரு மாற்றம். பக்கத்திலேயே 'முக்கியத்துவம் உறுதியில்லை', அதாவது நோய்க்கு அதுதான் காரணமா என்று சொல்ல முடியாதாம். இதற்கா ஆறு வாரம்? எங்கள் இருவர் ரத்தத்தையும் கேட்டார்கள். இன்னும் மூன்று வாரம். மூவர் ரத்தத்தையும் முதலிலேயே சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டுவிடுங்கள். செலவு கூடும், நாள் மிச்சம்.

என் தொழிலைக் கேட்டதும் டாக்டர் பேப்பரை ஓரம் வைத்தார். செல்லுக்குள்ளும் சாரம் உண்டாம்; அதன் கம்புக்கான குறிப்பு அந்த ஜீனில்தானாம். டியூபுலின் என்ற புரதம் ஆல்ஃபா, பீட்டா என ஜோடி ஜோடியாகக் கோத்து, பெரும்பாலும் 13 வரிசை சேர்ந்து ஒரு குழாய் ஆகும். நாங்கள் சவுக்குக் கம்பைக் கட்டிப் பிரிப்பது மாதிரிதான், ஆனால் அங்கே எல்லாம் நிமிடக் கணக்கு. கருவில் மூன்றாம் மாதம் தொட்டு நரம்புச் செல்கள் மூளையின் உள்ளிருந்து மேல்பரப்புக்கு ஏற வேண்டும். அதற்கு இந்தக் குழாய்கள் வேண்டும். இல்லாவிட்டால் பாதி வழியிலேயே நின்றுவிடும், மேலே மடிப்பும் சரியாக விழாது.

"கட்டு சரிதான், கம்பே கோணலா சார்?"

"அதேதான்."

கடைசி ரிப்போர்ட்டில், அந்த மாற்றம் எங்கள் இருவரிடமும் இல்லை. மகளிடம் புதிதாக வந்தது. ஜீனுக்கு அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என இரண்டு பிரதி; சொந்தத்தில் கட்டினால் இரண்டும் ஒரே மாதிரி கெட்டிருக்கும் வாய்ப்புதான் கூடும். இதுவோ ஒரு பிரதி கெட்டாலே போதும் என்கிற வகை; சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த குழந்தைக்கு வர நூற்றில் ஒன்று போலத்தான் வாய்ப்பு என்றார்.

ஃபிட்ஸ் மாத்திரையும் பிசியோதெரபியும் ஓடுகின்றன. போன வாரம் ஊனமுற்றோர் அட்டைக்காகப் போன இடத்திலும் அதே கேள்வி. மனைவி வாய் திறக்கவில்லை. பையிலிருந்து அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸை எடுத்து மேசையில் வைத்தாள். ஐந்து பிரதி எடுத்து வைத்திருக்கிறாள்.