முதலில் துளையைத்தான் பார்ப்பேன்

பழைய மணி சேர்க்கிற எல்லோரும் நிறத்தில் மயங்குவார்கள், நானும்தான். ஆனால் மாலை கோர்க்க உட்கார்ந்துவிட்டால் நிறம் இரண்டாம்பட்சம். மணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து முதலில் துளையைப் பார்ப்பேன். எப்படிச் செய்தார்கள், எவ்வளவு புழங்கியது, நூலை அறுக்குமா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது கோர்த்து முடித்திருக்கும் பெரிய மாலைக்கு நடுநாயகம் ஒரு செவ்ரான் மணி. நீலம், வெள்ளை, செங்கல் சிவப்பு என்று அடுக்கடுக்கான கண்ணாடி, இரண்டு முனைகளையும் சாய்வாகத் தேய்த்திருப்பதால் உள்ளே இருக்கும் நட்சத்திரம் பக்கவாட்டில் ரம்பப் பல் மாதிரி வெளியே தெரியும். வெனிஸை ஒட்டிய முரானோ தீவில் 1500 வாக்கில் தொடங்கிய வகை இது, கப்பலேறி ஆப்பிரிக்காவரை வியாபாரச் சரக்காகப் போனது. என்னிடம் இருப்பது அவ்வளவு பழசில்லை. ஆனாலும் நிறையப் புழங்கிய மணி: பக்கத்து மணிகளோடு உரசி உரசித் துளையின் விளிம்பு லேசாகக் குழிந்து வழவழப்பாகியிருக்கிறது. பழசு என்று தலையில் கட்டப்படும் புது மணிகளில் மேலெல்லாம் அழுக்கு பூசியிருப்பார்கள், துளை விளிம்பு மட்டும் பெரும்பாலும் நேற்று வெட்டியது போலக் கூராக நிற்கும். அவ்வளவு தூரம் யார் மெனக்கெடுவது!

செவ்ரானுக்கு இரண்டு பக்கமும் கானாவின் குரோபோ மக்கள் செய்யும் கண்ணாடித்தூள் மணிகள். பழைய பாட்டில்களை இடித்துச் சலித்த தூளைக் களிமண் அச்சின் குழிகளில் நிரப்பி, ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலைக்காம்பு ஒன்றைச் செருகிச் சூளையில் வைப்பார்கள். காம்பு எரிந்து போகும், அது நின்ற இடம் துளையாகிவிடும். எனக்கு இது எத்தனை முறை யோசித்தாலும் அலுக்காத விஷயம். என்னிடம் இருப்பவற்றில் துளைகள் ஒன்றுபோல இல்லை, ஒன்று அகலம், ஒன்று கோணல். அகலமான துளை கம்பியில் தொளதொளவென்று ஆடும், மணி ஒருபக்கமாகச் சரிந்து அடுத்த மணியின் மேல் ஏறிக்கொள்ளும். அதற்குச் செலவில்லாத வழி, துளைக்குள்ளேயே மறையும்படி குட்டிப் பாசிமணிகளைக் கம்பியில் கோர்த்துவிடுவது. வெளியே ஒன்றும் தெரியாது, மணி நடுவில் நிமிர்ந்து நிற்கும்.

பட்டு நூலில் முடிச்சு போட்டுக் கோர்ப்பது அழகுதான், முத்துக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் கண்ணாடித் துளையின் ஓரம் பட்டு நூலை மெல்ல மெல்ல அறுக்கும். அதனால் இந்த மாலைக்கு நைலான் பூசிய, 49 இழை ஸ்டீல் கம்பி. ரொம்பக் கூரான ஓரங்களை வைரத்தூள் பதித்த சின்ன அரத்தால் தேய்க்கலாம், தண்ணீரில் நனைத்துக்கொண்டே தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடித் தூள் பறக்கும், மணியும் சூடாகி விரிசல் விடலாம். அப்புறம் கம்பியை விறைப்பாக இழுத்து முடிக்காதீர்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு இருந்தால்தான் மாலை கழுத்தோடு வளையும்.

நடு ஒழுங்காக அமைந்துவிட்டால் மீதி தானாக வரும். இரண்டு பக்கமும் கண்ணாடி பார்த்தது போல ஒரே வரிசை எனக்குப் பிடிக்காது. எடை சமமாக இருந்தால் போதும்.

தோள் பக்கம் மஞ்சள் மணிகள். ஆப்பிரிக்க அம்பர், அதாவது கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின், என்று சொல்லித்தான் கைக்கு வந்தன. உப்பைக் கரையும் மட்டும் கரைத்த தண்ணீரில் போட்டால் அம்பர் மிதக்க வேண்டும், இவை நேரே அடிக்குப் போய்விட்டன. 1907-இல் வந்த பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக்குக்கு உறவான ஏதோ ஒரு வகையாக இருக்கும். பரவாயில்லை, கண்ணாடியைவிட இலேசு, துளையும் நல்ல வழுக்கல். அதனால் கொக்கிவரை அவற்றையே கோர்த்துவிட்டேன்.