எங்கட பட்ச் அண்ணாவியார்

எங்கட பழைய மாணவர் சங்க மலர்க் கமிற்றித் தம்பி விடாமப் போன் எடுத்துக்கொண்டே இருந்தவர். "அண்ணை பழைய நினைவு ஏதாவது எழுதுங்கோ, கிறிக்கெற் மச், பிரின்சிப்பலிட்டை அடி வாங்கினது, அப்பிடி ஏதாவது" எண்டு. அதெல்லாம் போன மலர்லயும் வந்தது, அதுக்கு முந்தின மலர்லயும் வந்தது. டொக்டரா வந்தவையின்ர படம், எஞ்சினியரா வந்தவையின்ர படம், எக்கவுண்டன்ற் ஆக்களின்ர படம் எல்லாம் பாத்தாச்சு. கூத்தாடின ஒருத்தன்ர படத்தை நான் இன்னும் காணேல்ல. அதால இந்த முறை எங்கட பட்ச்சில படிச்சு இப்ப மெல்பேர்ண்ல இருக்கிற ஒருத்தனைப் பற்றி எழுதுறன். பேர் போடக்கூடாது எண்டு சொல்லிப்போட்டான், போட்டா இனி உன்னைக் கூத்தில பின்னுக்கு நிண்டு பிற்பாட்டுப் பாடச் சேர்க்க மாட்டன் எண்டு வெருட்டல் வேற. அறுபதைத் தாண்டின எனக்கு இப்ப இருக்கிற ஒரே பதவி அந்தப் பிற்பாட்டுத்தான், அதையும் இழக்க ஏலாது. கூத்துப் பழக்கிறவரைச் சொல்லுற மாதிரி அண்ணாவி எண்டே எழுதுறன், பட்ச் ஆக்களுக்கு ஆரெண்டு விளங்கும்.

பள்ளிக்கூடத்தில அவனை நாடகக்காரன் எண்டு ஒருத்தரும் நினைச்சதில்லை. எங்கட காலத்துத் தமிழ்த்தின நாடகம் எண்டா ராசா, மந்திரி, வெல்வெற் உடுப்பு, தூய தமிழ் வசனம். நல்லா உச்சரிக்கிற பிள்ளையளுக்கு ராசா வேஷம், எனக்கும் ஒரு முறை மந்திரி கிடைச்சது, அண்ணாவிக்கு எப்பவும் ஈட்டியோட ஓரத்தில நிக்கிற காவலாளிதான். ஏனெண்டு அப்ப நான் யோசிக்கேல்ல. ஆனா அவன் கூத்துப் பழகினது பள்ளிக்கூடத்தில இல்லை, அவன்ர ஊர் அம்மன் கோயில் காத்தான் கூத்துக் கொட்டகைக்குப் பின்னால. வடமராட்சி ஆக்களுக்குக் காத்தவராயன் கூத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஆனா இந்த மலரை வாசிக்கிற பேரப்பிள்ளையளுக்காகச் சொல்லுறன். இரவு தொடங்கினா விடியும் வரைக்கும் போகும், ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், சிந்து நடையில பாடிக்கொண்டே அளவா அடி வைச்சு ஆடுவினம், ஒரே காத்தானைப் பாலக்காத்தான், ஆதிக்காத்தான், பிற்காத்தான் எண்டு பல பேர் மாறி மாறி ஆடுவினம், முத்துமாரி வேஷம் கட்டுறவர் மச்ச மாமிசம் தொடாம விரதம் இருப்பார். கதை என்ன? சாதி குறைஞ்சவன் எண்டு தள்ளின ஒருத்தன் பிராமண வீட்டு ஆரியமாலையை விரும்பினதுக்குக் கழுமரம் ஏறுறது. விடியப்புறம் அவன் கழுவேறுற நேரம் சனம் எழும்பி நிண்டு கற்பூரம் கொளுத்திக் கும்பிடும். யோசிச்சுப் பாருங்கோ, சாதி பாக்கிற ஊரே எழும்பி நிண்டு சாதி மீறினவனைக் கும்பிடுது. கும்பிட்டுப்போட்டு வீட்டை போய்த் திரும்பச் சாதி பாக்கும், அது வேற கதை.

நாங்கள் சின்ன வகுப்பில இருக்கேக்கதான் மாவிட்டபுரம் பிரச்சினை வந்தது, 1968. தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் எண்டு அதுக்கு முதல் வருசம்தான் தொடங்கியிருந்தது, அதுக்கு முன்னமே 1966 ஐப்பசியில சுன்னாகத்தில இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போய்ப் பொலிஸ் அடியும் வாங்கியிருந்தவை. சாதி குறைஞ்சவை எண்டு தள்ளின சனம் தேத்தண்ணிக் கடைக்கு வெளியில நிண்டு போத்தில்ல தேத்தண்ணி வாங்கிக் குடிச்ச காலம் அது, இப்ப சொன்னா என்ர பிள்ளையள் நம்புதில்லை. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 லயே வந்திட்டுது, ஆனா சட்டம் கோயில் கதவைத் திறக்கேல்ல. மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் திருவிழாவுக்கு அந்தச் சனம் உள்ளுக்கு வந்து கும்பிடப் போறம் எண்டு வந்து வாசல்ல இருக்க, மறிச்சு நிண்டது ஒரு சண்டியன் இல்லை, முன்னாள் அமைச்சர், கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம். அதால அவருக்கு மேல வந்த வழக்கு, அப்ப எங்களுக்குக் கடைசி மேல்முறையீட்டுக் கோடா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. கணக்கு நல்லாத் தெரிஞ்சவருக்கு மனிசரை எண்ணத் தெரியேல்ல எண்டு எங்கட வகுப்பு மாஸ்டர் ஒருத்தர் மெதுவாச் சொன்னவர், சத்தமாச் சொல்ல அவருக்கும் பயம்.

அந்தச் சூட்டோடதான் 'கந்தன் கருணை' நாடகம் வந்தது. என். கே. ரகுநாதன் எழுதினது, நெல்லியடி அம்பலத்தாடிகள் எண்ட நாடகக் குழு அதைக் காத்தான் கூத்துப் பாணிக்கு மாத்தி ஆடினவை, முன்னுக்கு நிண்டவர் இளைய பத்மநாதன். முருகன்ர கோயிலுக்குள்ள முருகன்ர அடியாரை விடுகினமில்லை எண்டு முருகனுக்கே தெரிய வருது, கடைசியில அவர் தன்ர வேலைப் போராடுற சனத்திட்டைக் குடுக்கிறார். அவ்வளவுதான் கதை. நான் அதை ஒரு தோட்டவெளியில பாத்தன், எங்கட அப்பாச்சி வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வேலியோட கதிரையைப் போட்டு ஸ்பீக்கர்ல முழுக்கக் கேட்டவ. அடுத்த நாள் காலமை "பாட்டெல்லாம் நல்லம், கதைதான் சரியில்லை" எண்டா. அண்ணாவி அண்டைக்கு எனக்கு முன் வரிசையில சாக்கில இருந்தவன். வேல் கை மாறேக்க அவன்ர தாய் அழுதா, பக்தியில அழுதாவா கோபத்தில அழுதாவா எண்டு தனக்கு இண்டைக்கும் தெரியாது எண்டுவான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிண்டு பாக்கவேணும், ஏனெண்டா அண்ணாவியின்ர முழு வேலையும் இதிலதான் இருக்கு. அந்தக் காலத்தில சாதிக்கு எதிராக் கதைச்ச கனபேர் கம்யூனிஸ்ற் ஆக்கள், கோயிலே வேண்டாம் எண்டு சொன்னவையும் இருந்தவை. ஆனா கந்தன் கருணை கடவுளைத் திட்டேல்ல, கடவுள் ஆரின்ர பக்கம் நிக்கிறார் எண்டுதான் கேட்டது. அண்ணாவியின்ர தாய் வெள்ளிக்கு வெள்ளி அவனைச் செல்வச் சந்நிதி முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவா. அங்க பூசை செய்யிற கப்பூகர் வாயை வெள்ளைத் துணியால கட்டிக்கொண்டு மந்திரம் இல்லாமப் பூசை செய்வார், 65 ஆலமிலையில அமுது படைப்பினம், ஆரும் போகலாம், ஆரும் சாப்பிடலாம். அதே முருகன், கொஞ்சத் தூரம் தள்ளி மாவிட்டபுரத்தில கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார். ரெண்டில எது உண்மையான முருகன் எண்டு பத்து வயசுப் பொடியனுக்கு வாற கேள்வி பெரிய தத்துவக் கேள்வி இல்லை, வெள்ளிக்கிழமைக் கேள்வி.

83 கலவரத்துக்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் ஒரே கதை, நீட்டேல்ல. பத்மநாதனும் பிறகு அவுஸ்திரேலியாவுக்குத்தான் வந்து சேர்ந்தார், எங்கட அண்ணாவியும் வேற வேற நாடு சுத்தி இங்க வந்தான். பகல்ல நித்திரை, இரவில டண்டினோங் பக்கம் ஒரு இறைச்சி பக் பண்ணுற பக்ரறி. மச்சம் தொடாம விரதம் இருந்து கூத்தாடின வம்சத்து ஆளுக்கு அந்த வேலை! கந்தசஷ்டி ஆறு நாளும் லீவு எடுப்பான், ஒருக்கா லீவு தரேல்ல, வேலையை விட்டுட்டு வந்திட்டான், பிறகு மனுசி அவனைப் படுத்தின பாடு எனக்குத்தான் தெரியும்.

கூத்து கராஜ்ஜில தொடங்கினது. கார் வெளியில, நாங்கள் உள்ளுக்கு. ஹோல் எடுத்தா இரவு பதினொண்டுக்கு முதல் பூட்டிப்போடவேணும், விடிய விடிய ஆடுற கூத்தை ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள அடக்கவேணும், கற்பூரம் கொளுத்தினா ஃபயர் அலாம் அடிக்கும். பொடியளுக்குத் தமிழ் வாசிக்க வராது, பாட்டை இங்கிலிஷ் எழுத்தில எழுதிக் குடுத்தான், முதல்ல அதுக்கு அவனோட சண்டை பிடிச்சது நான்தான், பிறகு பாத்தா அந்தப் பெட்டையள் எங்களைவிட வடிவாத் தாளத்துக்கு நிக்குதுகள். முத்துமாரி வேஷம் இப்ப ஒரு யுனிவேர்சிற்றிப் பிள்ளை கட்டுறா, ஊர்ல அது ஆம்பிளையள் கட்டின வேஷம்.

அவன்ர பெரிய வேலை எண்டு நான் சொல்லுறது படகில அகதியா வந்த பொடியளைப் பற்றின கூத்து. முருகன் படகில வாறார். கையில வேல் இருக்கு, பாஸ்போட் இல்லை. அவுஸ்திரேலியாவின்ர கிறிஸ்மஸ் தீவில இறக்கி நிறுத்தி பேர் கேக்கேல்ல, படகு நம்பரைத்தான் கேக்கினம். அது கற்பனை இல்லை, அந்த முகாமுகளில ஆக்களை நம்பரிலதான் கூப்பிட்டவை. 2013 ஆடி 19 ல அரசாங்கம் அறிவிச்சது ஞாபகம் இருக்கும், இனிப் படகில வாற ஒருத்தரும் அவுஸ்திரேலியாவில குடியேற ஏலாது எண்டு, நவுறு, மானஸ் தீவு எண்டு வெளித் தீவு முகாமுகளுக்கு அனுப்பினவை. கூத்தில நாரதர் வந்து "சுவாமி, நீங்கள் பதினெட்டாம் திகதி வந்திருக்கக்கூடாதோ" எண்டு கேப்பார், ஹோல் முழுக்கச் சிரிக்கும், அந்தத் திகதியாலயே வாழ்க்கை ரெண்டாப்போன ரெண்டு மூண்டு பொடியள் பின் வரிசையில இருந்து சிரிக்காமப் பாத்துக்கொண்டு இருப்பாங்கள். கழுமரம் இதில ஒரு கதிரை, விசா இன்ரவியூக் கதிரை. மேடையில வேற ஒண்டும் இல்லை.

இதை ஒரு கோயில் கலாசார மண்டபத்தில போடக் கேட்டம், கமிற்றி மறுத்திட்டுது. முருகனுக்குக் கைதி உடுப்பு போடுறது அவமரியாதையாம். எந்தக் கோயில் எண்டு எழுதேல்ல, தேவையும் இல்லை. அண்ணாவி கோவப்படுவான் எண்டு பாத்தன், அவன் "ஊர்ல உள்ளுக்கு விடேல்ல, இங்க உள்ளுக்கு விட்டுட்டு முருகனை மட்டும் வெளியில நிப்பாட்டுறாங்கள்" எண்டு சொல்லிச் சிரிச்சான். அடுத்த பக்கமும் அவனுக்குச் சுகம் இல்லை. அகதியளுக்காக வேலை செய்யிற வெள்ளைக்கார, தமிழ்ச் சிநேகிதர் கொஞ்சப்பேருக்கு ஒத்திகைக்கு முதல் அவன் செய்யிற பூசை பிடிக்காது, "அண்ணை, போராட்டத்துக்கு ஏன் தேங்காய் உடைக்கிறியள்" எண்டு ஒரு தம்பி நேரயே கேட்டவர். கோயில் ஆக்களுக்கு அவன் கம்யூனிஸ்ற், போராட்ட ஆக்களுக்கு அவன் சாமியார். "மச்சான், நான் ஆடுறதே ஒரு நேத்திக்காகத்தானடா" எண்டு எனக்குச் சொன்னவன். தாய் வைச்ச நேத்தியாம், என்ன நேத்தி எண்டு இண்டைவரைக்கும் சொல்லேல்ல.

2023 மாசியில தற்காலிக அகதி விசாவில இருந்த கிட்டத்தட்ட 19,000 பேருக்கு நிரந்தரமா இருக்க வழி திறந்தவை. அதுக்குள்ள வராம, வழக்குத் தள்ளுப்பட்டு, பிரிட்ஜிங் விசா எண்ட இடைக்கால விசாவோட வருசக் கணக்கா நிக்கிற ஆக்கள் பிறகு 2024 ல மெல்பேர்ண் டொக்லண்ட்ஸ்ல குடிவரவுக் கந்தோருக்கு முன்னால கூடாரம் அடிச்சு இரவு பகலா இருந்தவை, நூறு நாளுக்கு மேல, நல்ல குளிருக்க தொடங்கினது. அண்ணாவி அங்க வேஷம் இல்லாம, ஒரு ஜக்கெற்றோட, தாளத்தை மட்டும் கொண்டு போய்ப் பாடுவான். ஒரு ஈரான் பொடியன் பக்கத்தில இருந்து தன்ர தப் மேளத்தை எடுத்து அடிக்கத் தொடங்கினான், சிந்து நடைக்கு அது பொருந்தும் எண்டு நான் நினைச்சும் பாத்திருக்க மாட்டன், என்ன அருமையாப் பொருந்திச்சு தெரியுமோ. பாஷை விளங்கேல்ல, ஆனா எந்த இடத்தில நிப்பாட்டவேணும் எண்டு அவனுக்கு விளங்கினது.

அவனிலை எனக்குக் குறையும் இருக்கு, எழுதாட்டி இது கட்டுரை இல்லை, பாராட்டுப் பத்திரம். கூத்து எப்பவும் நீளம். ரெண்டாம் பாதியில ஆராவது ஒரு பாத்திரம் மேடைக்கு முன்னுக்கு வந்து பிரசங்கம் செய்யும், நாரதர்ர ஒரு பகிடியில விளங்கினதைத் திரும்பக் கால்மணித்தியாலம் விளங்கப்படுத்தும். வெட்டடா எண்டா வெட்டமாட்டான். இங்க வந்த பிறகும் சாதி பாத்துக் கலியாணம் பேசுற எங்கட ஆக்களைப் பற்றி ஒரு கூத்துப் போடடா எண்டு நான் கனகாலமாக் கேக்கிறன், அதுக்கு மட்டும் நழுவிக்கொண்டு இருந்தவன், இப்பதான் எழுதத் தொடங்கியிருக்கிறான். அது வந்தா இந்தச் சங்கத்தில எத்தினை பேர் ரிக்கெற் வாங்குவினம் எண்டு பாப்பம்.

கடைசியா ஒரு அலுவல். அந்தப் புதுக் கூத்துக்குப் பழைய காத்தான் மெட்டுக்கள் தேவைப்படுது, குறிப்பா ஆரியமாலையும் காத்தானும் தர்க்கம் பண்ணுற பகுதி, அண்ணாவிக்குப் பாதிதான் நினைவிருக்கு. எங்கட பக்கத்து வீடுகளில அப்பப்பா, அம்மப்பா காலத்துக் கூத்துக் கொப்பியள் கிடக்கும், மோனோ ரூல் கொப்பியில பென்சிலால எழுதி மட்டை கழண்டு போய்க் கிடக்கும், பெட்டிக்கு அடியில, சாமி அறை ராக்கையில. அப்பிடி ஆரிட்டையாவது இருந்தா எறிஞ்சு போடாதேங்கோ, போனில படம் எடுத்து எங்கட பட்ச் வட்ஸ்அப் குறூப்புக்கு அனுப்புங்கோ. ஆர்மோனியம் வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள் மெல்பேர்ண்ல இருந்தா அதையும் சொல்லுங்கோ, இப்ப வாசிக்கிறவர் மகளோட பிரிஸ்பேனுக்குப் போகப்போறார்.