இப்பதான் சேர்த்திருக்கோம்

"இது முன்னாடியே இருந்துச்சுங்களா சார்?" என்று கேட்டார். "இப்பதான் சேர்த்திருக்கோம்மா" என்றேன். நடந்தது இவ்வளவுதான்.

பையர், அதாவது எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனி, ஆடிட்டுக்கு வருகிறது என்றுதான் எச்.ஆர். பாலிசியைத் தூசு தட்டினோம், பொய் சொல்வானேன். மகப்பேறு விடுப்புப் பக்கத்தில் 26 வாரம் சரியாக இருந்தது. 2017-ல் சட்டம் திருத்தியதும் 12-ஐ அடித்து 26 போட்டவனே நான்தான். ஆனால் அப்போது அமலில் இருந்த அதே 1961-ம் வருஷ மகப்பேறு நலச் சட்டத்தின் 9-வது பிரிவு, கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது, எங்கள் கையேட்டில் எங்குமே இல்லை. ஒரு எண்ணை மாற்றப் போனவன் நாலு பக்கம் தள்ளிப் படித்திருந்தால் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

அந்தப் பத்தியை டைப் செய்யும்போதே, பின்னால் அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணின் ஞாபகம் வந்துவிட்டது. ஆர்டர், ஷிப்மென்ட் பார்க்கும் மெர்ச்சண்டைசிங்கில் இருப்பவர். சம்பளம் 26,000, இஎஸ்ஐ என்ற அரசு காப்பீட்டுத் திட்டத்துக்கு அப்போது சம்பள வரம்பு 21,000, அதனால் அங்கே வழி இல்லை, கம்பெனிதான் கொடுக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். 11 நாள் லீவு. நாலு நாள் சிஎல், மிச்சம் ஏழு நாள் சம்பளப் பிடித்தம், அதாவது 26 வேலை நாள் கணக்கில் ஏழாயிரம் ரூபாய். காரணம் என்ற இடத்தில் 'உடல்நலக் குறைவு'. பன்னிரண்டாம் நாள் வந்து உட்கார்ந்து ஷிப்மென்ட் பார்த்திருக்கிறார். கீழே என் கையெழுத்து.

மேலிடத்தில் சொன்னேன். "இனிமேலுக்குச் சேர்த்துக்குங்க, பழசைக் கிளறினா எத்தனை பேர் வருவாங்களோ" என்று பதில் வந்தது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது என்பதை எழுதிவிடுகிறேன்.

அவர் டாக்டர் சீட்டு எதுவும் கொடுக்கவில்லை, சட்டமே சான்று கேட்கிறது, நானாக எப்படிக் கொடுப்பேன் என்று ஒரு வாரம் எனக்கு நானே வாதாடினேன். சட்டத்தின் சுருக்கத்தைத் தமிழில் ஒட்டி வைக்க வேண்டும் என்று இருக்கிறது, நாங்களும் ஒட்டித்தான் வைத்திருந்தோம், பஞ்சிங் மெஷினுக்குப் பின்னால், வெயில் பட்டு வெளுத்துப் போய். அப்புறம் 4-வது பிரிவு. கரு கலைந்த ஆறு வாரத்துக்குள் ஒரு பெண்ணை முதலாளி 'தெரிந்தே' வேலை வாங்கக் கூடாது. அந்த 'தெரிந்தே'யைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அன்றைக்கு ஆபீஸில் யாருக்குத் தெரியாது? கேன்டீன் அக்கா உட்பட எல்லோருக்கும் தெரியும். 'உடல்நலக் குறைவு' என்று போடச் சொன்னது அவரா, அவருடைய ஹெட்டா, இல்லை நானேதானா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது.

புது பாலிசியைப் படித்துக் காட்டிய மீட்டிங் முடிந்து எல்லோரும் போன பிறகுதான் அவர் அதைக் கேட்டார். என் பதில் பொய்யில்லை, கையேட்டில் அப்போதுதான் சேர்த்திருந்தோம். அவர் கேட்டதும் கையேட்டைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ள முடியவில்லை.

"சரிங்க சார். இனி வர்ற புள்ளைங்களுக்காவது ஆகும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனார். தெரிந்துதான் கேட்டாரோ என்று சில நாள் தோன்றும். இப்போது போய்ச் சொன்னால் அவருக்கு ஆறுதலா, ஆறிய புண்ணைக் கீறுவதா? இப்படி யோசிப்பதே எனக்குச் சாதகமாக இருக்கிறது, அதுவும் தெரிகிறது.

புது விதியில் ஒரு வரி நானாகச் சேர்த்தேன். இந்த விடுப்புக்கான சீட்டு ஹெட் கைக்குப் போக வேண்டாம், ஒட்டிய கவரில் நேராக எச்.ஆருக்கு வரட்டும். ஆடிட்டர் அதைத் தனியாகப் பாராட்டினார். ஒன்றரை வருஷம் ஆகிறது, ஒரு கவரும் வரவில்லை. போன மாதம் சாம்பிள் செக்ஷன் பெண் ஒருத்தி எட்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். காரணம், உடல்நலக் குறைவு. பேனாவை எடுத்தவன், கையெழுத்துப் போடாமல் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.