கொயர் அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் வரலாறு

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்லூரிகள் விழா மலர் போடும்போது கொயருக்கு (பாடகர் குழுவுக்கு) இரண்டு பக்கம் ஒதுக்குவது வழக்கம். ஒரு குழுப்படம், கொயர் மாஸ்டர்களின் பெயர் வரிசை, கேட்டவர்கள் உள்ளம் உருகினார்கள் என்று ஒரு வரி. என்ன பாடினார்கள், எத்தனை குரலில் பாடினார்கள், எந்தச் சுருதியில் எடுத்தார்கள் என்பது அதில் இராது. அவையெல்லாம் கொயர் அலமாரியின் அடித்தட்டில், துருப்பிடித்த குண்டூசியோடு கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. டோ, ரே, மி என்ற சுரப்பெயர்களின் முதல் எழுத்துகளால் பாட்டைக் குறிக்கும் முறைதான் சால்ஃபா. அந்தச் சால்ஃபா தாள்களை வாசிக்கத் தெரிந்தால் ஒரு குழுவின் கதையை ஆண்டுவாரியாகவே எழுதிவிடலாம்.

சால்ஃபாவின் ஊர் இங்கிலாந்து. நாரிச் நகரத்து சாரா குளோவர் உருவாக்கிய முறையை 1840களில் ஜான் கர்வன் செப்பனிட்டுப் பரப்பினார். கர்வன், புராட்டஸ்டன்ட் பிரிவுகளில் ஒன்றான காங்கிரிகேஷனல் சபையின் போதகர். மிஷனரி ரிங்கல்தௌபே 1809இல் மயிலாடியில் தொடங்கி, மீட் ஐயர் என்ற இன்னொரு மிஷனரி 1818இல் நாகர்கோவிலில் வேரூன்றவைத்த லண்டன் மிஷன் பணிக்குக் கைகொடுத்தவர்களும் பெரும்பாலும் அதே சபையார்தான். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893இல் இரண்டாம் நிலைக் கல்லூரியானபோது இங்கிலாந்தின் சபைகளிலும் பள்ளிகளிலும் சால்ஃபா நன்றாகப் பரவியிருந்தது. ஆனால் அது நம் ஊரில் இத்தனை காலம் நிலைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு என்பது என் கணிப்பு. ஐந்து கோட்டு இசைக்குறிப்பை அச்சிட அச்சகம் வேண்டும், இல்லையென்றால் கையால் வரைய வேண்டும். சால்ஃபாவுக்கு ஆபீஸ் டைப்ரைட்டர் போதும். ஏழு எழுத்து, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி, காற்புள்ளி, ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். ஸ்டென்சில் என்ற மெழுகுத்தாளில் அடித்து, அதன் வழியே மை ஏற்றிப் பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைலில் போட்டால் நாற்பது பேருக்கும் ஒரே மாலையில் தாள் தயார்.

தாள்களில் தேதி பெரும்பாலும் இராது. நிகழ்ச்சி நிரலில் "ஞாயிறு மாலை 6 மணி" என்று மட்டும் இருக்கும். அப்போது தலைப்பைப் பாருங்கள். முகவரியில் திருவிதாங்கூர்-கொச்சி என்றிருந்தால் 1949 ஜூலைக்கும் 1956 அக்டோபருக்கும் இடைப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டம் என்றிருந்தால் 1956 நவம்பர் 1க்குப் பிந்தியது. மெட்ராஸ் ஸ்டேட் என்பது 1969 ஜனவரியோடு முடிகிறது. 629இல் தொடங்கும் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. சபைப் பெயரும் உதவும்: எஸ்.ஐ.யூ.சி. (தென்னிந்திய ஐக்கிய சபை) என்றால் 1908க்கும் 1947க்கும் இடையில், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் 1947 செப்டம்பர் 27க்குப் பின், கன்னியாகுமரிப் பேராயம் என்றால் 1959 முதல். டிக்கெட் விலை சக்கரம் என்ற பழைய திருவிதாங்கூர் நாணயத்தில் இருந்தால் திருவிதாங்கூர்க் காலம்; நயா பைசாவில் இருந்தால் 1957 முதல் 1964 வரை. பாடியவர்கள் பட்டியலில் இன்டர்மீடியட் வகுப்பு வந்தால் 1950களின் நடுப்பகுதி அல்லது அதற்கு முன், பி.யூ.சி. (பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பு) வந்தால் அதன் பிறகு, பிளஸ் டூ தொடங்கிய 1978 வரை. இவற்றில் இரண்டு மூன்று ஒரே தாளில் கிடைத்தால் ஆண்டு நன்றாகக் குறுகிவிடும். ஒன்று மட்டும் கிடைத்தால் நம்ப வேண்டாம். பழைய லெட்டர்ஹெட்டைத் தீரும்வரை பயன்படுத்துவது எல்லாக் கல்லூரி ஆபீசிலும் உண்டு.

தாளின் இடது ஓரத்தில் குரல்களின் பெயர் இருக்கும். இரண்டு டெனர் (ஆண்களின் மேல்குரல்), இரண்டு பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) என்று நான்கு வரி இருந்தால் அது ஆண்கள் மட்டுமே பாடிய குழு. பெண்களின் மேல்குரலான சொப்ரானோவும் கீழ்க்குரலான ஆல்ட்டோவும் வந்து சேர்ந்த முதல் தாளைக் கண்டுபிடித்தால், மாணவிகள் கொயருக்குள் வந்த காலம் தெரிந்துவிடும். எந்த மலர்க்கட்டுரையும் சொல்லாத செய்தி அது.

அடுத்தது சுருதி. "டோ ஜி", அதாவது டோவின் இடம் ஜி, என்று டைப் செய்து, அதன்மேல் கோடு போட்டுப் பென்சிலில் எஃப் என்று எழுதியிருக்கும். ஜி சுருதியில் சொப்ரானோவின் மேல் ரே போய் நிற்கும் இடம் ஏ. அதை எட்ட ஆளில்லாத வருடத்தில் ஒரு முழுச் சுரம் இறக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதே பாட்டு பத்து வருடத் தாள்களில் எந்தெந்தச் சுருதியில் இருக்கிறது என்று வரிசைப்படுத்தினால் குழுவின் குரல்வளம் ஏறியதும் இறங்கியதும் கண்ணுக்குத் தெரியும். ஆகவே பென்சில் குறிகளை அழித்துச் சுத்தப்படுத்தாதீர்கள். மூச்சு வாங்கும் இடம், 'மெதுவாக', 'பேஸ் முந்தாதே' என்பதெல்லாம் கொயர் மாஸ்டரின் குரல். ஒரே பாட்டுக்கு முப்பது பிரதி இருந்தாலும் எல்லாவற்றையும் புரட்டிப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் குறி வேறாக இருக்கும்.

கர்நாடக இசை படித்தவர்கள் இந்தத் தாளை எடுக்கும்போது ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். எம் என்ற எழுத்து மத்தியமம் இல்லை, 'மி', அதாவது நம் காந்தாரம். எஸ் என்பது சட்ஜம் இல்லை, 'சோ', நம் பஞ்சமம். டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டீ என்பதை ச, ரி, க, ம, ப, த, நி என்று மேலே எழுதிவைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. கம்ப்யூட்டரில் ஐந்து கோட்டுக்கு மாற்றுபவர்களுக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது. டெனர், பேஸ் வரிகளை உண்மையில் ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே குறிப்பது சால்ஃபா வழக்கம். அப்படியே தட்டினால் பேஸ், ஆல்ட்டோவோடு மோதும்.

சைக்ளோஸ்டைல் தாளில் தாளப்பிழை அதிகம். முக்காற்புள்ளி ஒரு அட்சரத்தைப் பிரிக்கிறது, முற்றுப்புள்ளி அதைப் பாதியாக்குகிறது, காற்புள்ளி காலாக்குகிறது. டைப்ரைட்டர் புள்ளியை ஓங்கி அடித்தால் ஸ்டென்சில் துளைபட்டு மை ஒழுகும். மெல்ல அடித்தால் புள்ளியே விழாது. நான்கு குரலுக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் அட்சரக் கணக்கு ஒன்றாக வர வேண்டும். எண்ணிப் பார்த்தால் எந்த வரியில் புள்ளி தொலைந்தது என்று பிடிபடும்.

கீர்த்தனைகளுக்கு நான்கு குரல் எழுதிய தாள்கள் கிடைத்தால் பொக்கிஷமாகப் பாருங்கள். கொயர் மாஸ்டரின் உண்மையான உழைப்பு அங்கேதான். சங்கராபரணம் டோ, ரே, மி வரிசையோடு ஒத்துப்போவதால் அதில் சிக்கல் குறைவு. மாயாமாளவகௌளையில் ரிஷபம் தாழ்ந்தது, சால்ஃபாவில் அது 'ரா'. மேற்கத்திய முறைப்படி முடிவுக்கு முன் சோ, டீ, ரே சேர்ந்த ஒலிக்கூட்டு வைக்கப் பார்ப்பார்கள். ஆல்ட்டோ அந்த ரேயைப் பாடிய கணமே ராகம் கலைந்துவிடும். ராவைப் போட்டால் கூட்டு நொண்டும். தெரிந்தவர்கள் அந்த இடத்தில் கூட்டின் மூன்றாவது ஒலியான ரேயையே விட்டுவிட்டு, பேஸைச் சோவில் நீட்டி நிறுத்தியிருப்பார்கள். அடித்து அடித்துத் திருத்திய அந்தக் கட்டங்களைப் படம் எடுத்தே போடலாம்.

பழைய கேசட் கிடைத்தால் முதலில் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றுங்கள். பிறகு பிளேயரில் நாடாவைத் தொடும் ஹெட்டைத் துடைத்துவிட்டு ஓடவிடுங்கள். ஓட்டவேகம் தவறியிருக்கலாம், ஏறக்குறைய 6 சதவீத வேகம் கூடினால் அரைச்சுரம் ஏறும். தாளில் ஜி, ஒலியில் அதற்கு அரைச்சுரம் மேலே என்றால் வேகத்தைச் சந்தேகியுங்கள். குழுவே சுருதி விலகியிருக்கவும் கூடும், துணைக்கருவி இல்லாமல் பாடும்போது இறங்குவது சாதாரணம். பதிவில் மின்சார ரீங்காரம் இருந்தால் அது 50 ஹெர்ட்ஸ் அருகே வர வேண்டும். 53இல் நின்றால் கேசட் வேகமாக ஓடுகிறது. மின்சாரமே அந்த நாளில் 50க்குக் கீழே இறங்குவது உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

குமரியில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. தாள்களைப் பிரித்து அடுக்கும் வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குண்டூசியைப் பிடுங்காமல், தாளை விரித்துப் பின்பக்கமிருந்து மெல்லத் தளர்த்தி எடுங்கள். செல்லோடேப் ஒட்டக் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது. இரண்டையும் பிறகு தாளுக்குச் சேதமில்லாமல் நீக்குவது கடினம். ஜெராக்ஸ் பிரதிகளை பி.வி.சி. உறையில் போட்டால் சில வருடத்தில் எழுத்து உறையோடு போய்விடும். சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் தள்ளி வையுங்கள், கரையான் அந்த வழியாகத்தான் வரும். வேப்பிலை வைப்பதானால் சருகாகக் காய்ந்தபின் வையுங்கள். பச்சையாக வைத்தால் இராமபாணப் பூச்சி போகிறதோ இல்லையோ, பூஞ்சை நிச்சயம். செல்போனில் படம் எடுக்க ஜன்னல் வெளிச்சம் போதும். பென்சில் கோடு மங்கலாக இருந்தால் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி தாளைத் திருப்புங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் அதையும் எடுங்கள்.

இத்தனையும் முடித்த பிறகு பழைய மாணவர்களிடம் போங்கள். "அந்தக் காலத்தில் கொயர் எப்படி இருந்தது?" என்று கேட்டால் மலரில் வந்த அதே வரிதான் பதிலாக வரும். தாளை முன்னால் வைத்து, "ஐயா, உங்க வரி எது? கொஞ்சம் பாடிக் காட்டுங்க" என்று கேளுங்கள். எண்பது வயதிலும் பேஸ் வரியை முதலிலிருந்து கடைசிவரை விடாமல் பாடுகிறவர்கள் உண்டு. மெலடி எல்லோருக்கும் நினைவிருக்கும், பேஸும் ஆல்ட்டோவும் பாடியவரோடு போய்விடும். ஆகவே அவர்களை முதலில் பதிவு செய்யுங்கள். பாடி முடித்ததும் பக்கத்தில் யார் நின்றார், ஹார்மோனியத்தில் சுருதி கொடுத்தார்களா, டியூனிங் ஃபோர்க்கா, எந்த இடத்தில் மாஸ்டர் நிறுத்தித் திட்டுவார் என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தாளில் எழுதாமல் தனி நோட்டில், தாளின் எண்ணோடு குறித்துவையுங்கள்.