கருத்துப் பெட்டி வேண்டாம் சார், ஓட்டு வேண்டும்

தண்டுவடக் காயத்துக்குப் பிறகு எனக்கு வீல்சேர்தான். தென்சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் பிசியோதெரபி மையத்துக்குப் பல வருடமாகப் போய் வருகிறேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான், ஆனால் எங்களுக்கு என்ன தேவை என்பதை எங்களைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்பார்கள். ஆண்டு விழாவில் மேடையேற்றி நன்றி சொல்ல வைப்பதோடு எங்கள் வேலை முடிந்தது.

பிரச்சினை வெடித்தது வீல்சேரில். ஏதோ ஒரு கம்பெனி சமூகப் பணிக்காக ஒதுக்கிய சிஎஸ்ஆர் பணத்தில் மொத்தமாக வாங்கி, போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாமே ஆஸ்பத்திரி வராண்டாவில் தள்ளுகிற ரகம். எங்களில் நிறையப் பேர் கண்ணகி நகர், பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்புகளில் இருப்பவர்கள். அந்த வீட்டு பாத்ரூம் கதவுக்குள் வண்டி நுழையாது, சக்கரத்தைச் சுற்றியிருக்கும் கைவளையம் நிலையில் இடித்து நின்றுவிடும். பக்கவாட்டில் கை வைக்கும் கம்பியும் கழலாது, அதனால் வண்டியிலிருந்து கட்டிலுக்கு நகர இன்னொருவர் தூக்க வேண்டும். பாதி வண்டிகள் இன்று துணி காயப்போடத்தான் பயன்படுகின்றன.

சில பேர் சேர்ந்து செயலாளரைப் பார்த்து, செயற்குழுவில் பயனாளிகளுக்கு இடம் கேட்டோம். "கருத்துப் பெட்டி ஒண்ணு வைக்கிறோம் தம்பி" என்றார். பெட்டி வேண்டாம் சார், ஓட்டு வேண்டும் என்றோம். உதவி வாங்குகிறவர்களே முடிவும் எடுத்தால் சரிப்படுமா என்று கேட்டார், கேட்க வேண்டிய கேள்விதான். அவரவர் சொந்த விண்ணப்பம் வரும்போது வெளியே போய்விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்திலேயே மனநோயை அனுபவித்தவர்களின் பிரதிநிதிகளுக்கும் பராமரிப்பவர்களின் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு என்று கூட வந்த அக்கா எடுத்துச் சொன்னதும் மனிதர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

இனி காகித வேலை. மையத்தை நடத்தும் நிறுவனம் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது (டிரஸ்ட் என்றால் வழி வேறு, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்). முதலில் சந்தா கட்டி உறுப்பினரானோம், இல்லாவிட்டால் பொதுக்குழுவில் வாய் திறக்கவே முடியாது. செயற்குழுவில் எங்களுக்கு இடம் கிடைக்க பைலாவை, அதாவது சங்கத்தின் விதிகளை, திருத்த வேண்டும்; அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் முன்னறிவிப்பு, வந்து ஓட்டுப்போடுபவர்களில் நாலில் மூன்று பங்கு ஆதரவு. அந்த நாலில் மூன்றுக்காகப் பழைய உறுப்பினர்களுக்கு வீடு வீடாகப் போன் போட்டோம், மயிரிழையில் தேறியது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்வதை ஆடிட்டர் பார்த்துக்கொண்டார்.

செயற்குழுவுக்குள் போன பிறகுதான் அசல் வேலை. முதல் கூட்டம் தலைவரின் ஆபீஸில், மாடியில், லிஃப்ட் இல்லை. வாட்ச்மேனும் டிரைவரும் என்னைத் தூக்கிக்கொண்டு ஏற்றினார்கள். மேஜையில் கனமான ஒரு ஃபைல், முழுக்க ஆங்கிலம், அங்கேயே புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது. தீர்மானம் முடிந்த பிறகு "நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்று கேட்டார்கள். என்னத்தைச் சொல்ல?

அதனால் நீங்கள் இதற்கு இறங்கினால் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்: கூட்டம் கீழ்த்தளத்தில், அஜெண்டாவும் கணக்கும் ஒரு வாரம் முன்னால் தமிழில், போக வர ஆட்டோ காசு. காசு கேட்கக் கூச்சப்பட வேண்டாம், மற்றவர்கள் காரில் வருகிறார்கள். இன்னொன்று, ஒரே ஆளாகப் போகாதீர்கள், இரண்டு இடமாவது கேளுங்கள். தனியாக உட்கார்ந்தால் விழா மேடைப் பொம்மைதான். எங்களுக்கு இரண்டு கிடைத்தது, நானும் அந்த அக்காவும். ஒருவர் தயங்கும்போது மற்றவர் பேசிவிடுவார்.

வீல்சேர் விஷயம் சரியாகிவிட்டது. இப்போது மாதிரி வண்டியைப் பெரும்பாக்கத்தில் வீட்டுக்குள் ஓட்டிப் பார்த்த பிறகே ஆர்டர். மைய வேன் நேரத்தை மாற்றும் தீர்மானத்தில் மட்டும் இருவரும் எதிர்த்து ஓட்டுப்போட்டுத் தோற்றோம். எதிர்ப்பை மினிட்ஸ் நோட்டில் ஏற்றியாகிவிட்டது, அடுத்த கூட்ட அஜெண்டாவில் மறுபடி வைக்கச் சொல்லிக் கடிதமும் கொடுத்திருக்கிறோம்.