பிலதெல்பியாவில் செலுத்திய பொருத்தனை

அம்மாவின் பொருத்தனை நிறைவேறிவிட்டது. கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்த வருஷம், புத்தாண்டு ஆராதனையில் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த வாக்குத்தத்தம் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் மூன்றாம் அதிகாரம் எட்டாம் வசனம். 'உனக்குக் கொஞ்சம் பெலன் இருந்தும்' என்று நடுவில் வருமே, அதுதான். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்து அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து நடந்தால், இந்த வசனம் எந்தச் சபைக்கு எழுதப்பட்டதோ அந்த ஊர் மண்ணில் நின்று ஸ்தோத்திரம் சொல்லுவேன் என்று பொருத்தனை பண்ணிக்கொண்டார். அந்த ஊர் துருக்கியில் இருக்கிறது என்பதெல்லாம் அப்போது அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பண்ணியிருப்பார்.

அப்பா எழுந்தார். கோல் ஊன்றி நடக்கிறார். வலது கை முழுசாக வரவில்லை, பேச்சும் குழறுகிறது. நாங்கள் சொல்லவேண்டிய ஸ்தோத்திரம் மட்டும் பாக்கி நின்றது. எங்கள் சபையில் ஏழு சபைகளுக்கு வேத ஆராய்ச்சிப் பயணம் என்று அறிவித்ததும் அம்மா முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார். அவ்வளவு தூரம் அப்பாவால் வர முடியாது. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், துணைக்கு நான்.

எருசலேமுக்குப் போகாமல் இதென்ன என்று கேட்டவர்கள் உண்டு. எருசலேமுக்கு எல்லாரும் போகிறார்கள். யோவான் பத்மு தீவிலிருந்து கடிதம் எழுதிய ஏழு ஊர்களுக்கும் போய், அந்தந்தக் கடிதத்தை அந்தந்த ஊரிலேயே திறந்து வாசிப்பது என்பது போதகர் ஐயாவின் நெடுநாள் ஆசை. "நாம கல்லைப் பார்க்க வரலை, கடிதம் படிக்க வந்திருக்கோம்" என்று பஸ்ஸில் ஏறியதுமே சொல்லிவிட்டார். எல்லார் கையிலும் ஒரு நோட்டு. காலையில் பஸ்ஸில் பாடம், ராத்திரி ஹோட்டலில் கேள்வி.

சிமிர்னா இன்றைக்கு இஸ்மிர், பெரிய துறைமுக நகரம். அடுக்குமாடிகளுக்கு நடுவே பழைய சந்தைவெளியின் தூண்கள் நிற்கின்றன. அந்த ஊர்ச் சபையின் கண்காணி (பிஷப்) பொலிக்கார்ப்பை ஏறக்குறைய கி.பி. 155-ல் எரித்தார்கள். கிறிஸ்துவைத் தூஷித்தால் விட்டுவிடுகிறேன் என்று அதிகாரி சொன்னபோது, 86 வருஷம் அவரைச் சேவித்தேன், எனக்கு ஒரு தீங்கும் செய்யாதவரை எப்படித் தூஷிப்பேன் என்று கேட்டாராம் அந்தக் கிழவர். 'மரணபரியந்தம் உண்மையாயிரு' என்பது அந்த ஊருக்கு வந்த கடிதம் என்று போதகர் ஐயா சொன்னதும் பஸ்ஸில் பேச்சே இல்லை.

பெர்கமுவில் மலைக்கு மேலே கேபிள் கார் போகிறது, அம்மாவின் முழங்கால் தப்பித்தது. மலைச்சரிவில் செங்குத்தாக இறங்கும் அரங்கத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். கிரேக்கக் கடவுள் சேயுஸின் பலிபீடம் இருந்த இடத்தில் அடிப்படிகளும் மரங்களும்தான் மிச்சம். பலிபீடத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியர் தோண்டி பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 'சாத்தானுடைய சிங்காசனம்' என்று கடிதத்தில் வருவது இந்தப் பலிபீடமா, ரோம ராயனுக்குக் கட்டிய கோயிலா, கீழே பாம்புச் சின்னத்தோடு இருக்கும் வைத்தியக் கடவுள் அஸ்கிலேப்பியுவின் வைத்தியசாலையா என்று ராத்திரி பெரிய விவாதம். முடிவு வரவில்லை. அம்மா மட்டும், "மூணுமேதான் இருக்கட்டுமே" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

தியத்தீராவைத் தேடினால் அக்ஹிசார் என்ற ஊரின் நடுவில், கடைகளும் வீடுகளும் சூழ, வேலி போட்ட ஒரு மனை அளவுக்குக் கொஞ்சம் கல் கிடக்கிறது. ஏழு கடிதங்களில் நீளமானது இந்த ஊருக்கு வந்ததுதான். ரத்தாம்பரம் என்னும் ஊதாத் துணி விற்ற லீதியாளின் ஊரும் இதுவே. வண்டிகளின் ஹார்ன் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி வாசித்தோம்.

சர்தையில் அர்த்தமி தேவியின் கோயில் தூண்கள் அண்ணாந்து பார்க்கவைக்கின்றன. அதன் மூலையில் ஒண்டிக்கொண்டு நாலாம் நூற்றாண்டின் சின்னஞ்சிறு செங்கல் தேவாலயம். 2025-ல்தான் இந்த ஊர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பின்னால் இருக்கும் செங்குத்துப் பாறையில் யாரும் ஏறமாட்டார்கள் என்று அந்தப் பக்கம் காவல் போடாமல் விட்டதால், பாரசீக ராஜா கோரேசின் காலத்தில் ஒரு முறையும் அப்புறம் மூன்று நூற்றாண்டு கழித்து இன்னொரு முறையும் கோட்டை பிடிபட்டது. 'நீ விழித்திராவிட்டால் திருடனைப்போல் உன்மேல் வருவேன்' என்ற வசனத்தை அந்தப் பாறையைப் பார்த்தபடி வாசித்தால் உடம்பு சிலிர்க்கிறது.

சரி, பிலதெல்பியா. இன்றைய பெயர் அலாஷெஹிர். ஊருக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டம். செப்டம்பர் என்பதால் பறித்த பழங்களைத் தரையில் விரித்து உலர்த்தியிருந்தார்கள். கைடு மைக்கில், "இங்கே பதினைந்து நிமிஷம் போதும், பெரிதாக ஒன்றும் இல்லை" என்றார். அடுத்து ஒரு தோல் கடைக்குப் போகவேண்டுமாம், அங்கே நமக்கு ஆப்பிள் தேநீர் தருவார்களாம். இந்தப் பயணத்தில் எனக்கு எரிச்சல் என்றால் இதுதான். நேற்று கம்பளக் கடையில் கதவை மூடிக்கொண்டு, சுருள் சுருளாகத் தரையில் உருட்டிக் காட்டி, வாங்காதவர்களை விரோதியைப்போலப் பார்த்தார்கள். அங்கே உட்காரவைத்த நேரம் தியத்தீராவில் நின்ற நேரத்தைவிட அதிகம். பொருத்தனையோடு வருகிறவர்களுக்கும் ஜாக்கெட் வாங்க வருகிறவர்களுக்கும் ஒரே அட்டவணை போடுகிறார்கள்.

தெரு குறுகல் என்று பஸ் முனையிலேயே நின்றுவிட்டது. வெயிலில் அம்மாவைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போனேன். வீடுகளுக்கு நடுவே ஒரு சின்னத் தோட்டம் மாதிரியான இடம், உள்ளே செதுக்கிய சலவைக்கற்களும் பழைய கல்லறைப் பெட்டிகளும். ஒரு கல்லின்மேல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அவற்றுக்கு நடுவில் மூன்று தூண்கள்.

தூண் என்றால் மெலிந்த சலவைக்கல் தூண் அல்ல. பத்துப் பேர் கைகோத்தாலும் வளைக்க முடியுமா என்று தோன்றுகிற பருமன். கீழே கருங்கல், மேலே செங்கல் அடுக்கு, உச்சியில் வளைவு தொடங்குகிற இடத்தில் முறிந்து நிற்கின்றன. பைசாந்தியர் காலத்து யோவான் தேவாலயத்தின் மிச்சம். அதாவது கடிதம் வந்தபோது இவை இல்லை, பல நூற்றாண்டு பிந்தியவை. போதகர் ஐயா அதை மறைக்காமல் சொன்னார். அம்மாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

பஸ்ஸில் கேட்ட பாடம் அங்கேதான் எனக்கு உறைத்தது. கி.பி. 17-ல் இந்தப் பக்கம் முழுக்கப் பெரிய பூமியதிர்ச்சி. அதற்கப்புறமும் அதிர்வு ஓயவில்லை. இந்த ஊர்ச் சுவர்கள் ஓயாமல் விரிசல் விடுகின்றன, ஜனங்கள் ஊருக்குள் இருக்கப் பயந்து வெளியே வயல்களில்தான் குடியிருக்கிறார்கள் என்று அந்தக் காலத்துப் புவியியல் ஆசிரியர் ஸ்திராபோ எழுதிவைத்திருக்கிறார். அப்படி வீட்டைவிட்டு ஓடி ஓடிப் பழகிய ஜனங்களுக்குத்தான், 'என் தேவனுடைய ஆலயத்திலே தூணாக்குவேன், அதினின்று அவன் ஒருக்காலும் நீங்குவதில்லை' என்று ஆண்டவர் எழுதச் சொல்லியிருக்கிறார். சுற்றியிருந்த ஊர்களெல்லாம் துருக்கியர் கைக்குப் போனபிறகும் 1390 வரை தனியாகத் தாக்குப்பிடித்ததும் இதே ஊர்தான். கொஞ்சம் பெலனை வைத்துக்கொண்டு.

அம்மா நடு தூணுக்குப் போய் உள்ளங்கையை வைத்தார். செங்கல் வெயிலில் காய்ந்து சுட்டது, அப்படியும் எடுக்கவில்லை. ஸ்தோத்திரம் என்று ஒரு வார்த்தைதான் வந்தது, அதற்குமேல் அழுகை. அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாவுக்குப் போன் போடு" என்றார்.

வீடியோவில் அப்பா வந்தார். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம், அண்ணி போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். "என்னங்க, பாருங்க, பிலதெல்பியா" என்று அம்மா தூணைக் காட்டினார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கவாதத்துக்கப்புறம் அவர் தண்ணீர் கேட்பதற்கே ரெண்டு தடவை முயற்சி செய்யவேண்டும். அன்றைக்கு யாரும் கேட்காமலே, "உன் கிரியைகளை அறிந்திருக்கிறேன்" என்று ஆரம்பித்தார். 'கொஞ்சம் பெலன்' என்கிற இடத்தில் நாக்கு இடறியது. திரும்பச் சொன்னார். அப்புறம் தடங்கலே இல்லை. 'திறந்தவாசலை உனக்குமுன்பாக வைத்திருக்கிறேன், அதை ஒருவனும் பூட்டமாட்டான்' என்று கடைசிவரை தெளிவாகச் சொல்லி முடித்தார். மனப்பாட வசனம் எப்படியோ அந்தக் குழறலுக்குத் தப்பி உள்ளே இருந்திருக்கிறது.

கடிதத்தை வாசிக்க வேதாகமத்தைத் திறந்து வைத்திருந்த போதகர் ஐயா அதை மூடிவிட்டார். "ஐயா வாசிச்சுட்டாங்க, போதும்" என்றார். எல்லாரும் அம்மாவைச் சுற்றி நின்றார்கள். யார் ஜெபித்தார்கள், எவ்வளவு நேரம் என்று எனக்கு நினைவில்லை. கைடு போனை எட்டிப் பார்த்து யார் என்று கேட்டார். சொன்னதும் நெஞ்சில் கையை வைத்து அப்பாவுக்குத் தலைவணங்கினார். அதற்கப்புறம் அந்த மனிதர் கடிகாரத்தையே பார்க்கவில்லை. தோல் கடை அன்றைக்கு ரத்து. அதற்கும் ஒரு ஸ்தோத்திரம்!

மற்றதெல்லாம் அதற்கப்புறம் கனவில் நடந்ததுபோல இருக்கிறது. லவோதிக்கேயாவில் சுண்ணாம்பு படிந்து ஏறக்குறைய அடைத்துப்போன தண்ணீர்க் குழாய்களைக் கண்டேன். எதிரே எராப்போலியின் வெந்நீர் ஊற்றுகள் வெள்ளை மலையாகத் தெரிகின்றன. கொலோசெ பக்கம் குளிர்ந்த நீர், இந்த ஊரில் மட்டும் வெதுவெதுப்பு. 2010-ல் ரேடார் வைத்துக் கண்டுபிடித்த பழைய தேவாலயத்தையும் பார்த்தோம். வெதுவெதுப்பாயிருக்கிறாய் என்று கண்டிக்கிற அந்தக் கடிதம் எங்களைக் கொஞ்சம் சுட்டது, அதை நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

கடைசியில் எபேசு. பக்கத்துத் துறைமுகமான குஷாதாசியில் கப்பல்கள் வந்து இறங்கிய நாள் போலிருக்கிறது. செல்சு நூலகத்தின் முன்னால் கால்வைக்க இடமில்லை. அப்போஸ்தலர் பத்தொன்பதில் ரெண்டு மணி நேரம் தியானாள் தேவிக்காகக் கத்தினார்களே, அந்த அரங்கத்தில் நின்றால் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை. வெளியே கடைகளில் 'அசல் போலிக் கைக்கடிகாரம்' என்று பலகையே மாட்டி விற்கிறார்கள். குறைந்தபட்சம் அவர்கள் உண்மை பேசுகிறார்கள்.

முதியவர்களோடு போகிறவர்கள் மேல்வாசலில் நுழைந்து கீழ்வாசலில் வெளியேறுங்கள், வழி முழுக்க இறக்கம். ஆனால் தேய்ந்த சலவைக்கல் தரை கால் வழுக்கும். நெரிசலில் யாரோ இடித்து அம்மா சாய்ந்தபோது பின்னால் வந்த எங்கள் வாலிபர் சங்கத் தம்பிமார் இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். அதோடு விடாமல் கீழ்வாசல் வரை ஆளுக்கொரு தோள் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. போதகர் ஐயாவுக்கும், சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணிக்கும், அந்தக் கைடுக்கும்கூட என் நன்றி.

கோடையில் குஷாதாசியிலிருந்து பத்முவுக்குப் படகு போகிறதாம். அது கிரேக்க நாடு, அதற்குத் தனி விசா வேண்டும் என்பதால் இந்தத் தடவை முடியவில்லை. திரும்பும் விமானத்தில் ஏறும் முன்பே அம்மா போதகர் ஐயாவிடம் அந்த விசாவைப் பற்றி முழுக்க விசாரித்து வைத்துவிட்டார்.