பயணத்துக்குச் சின்ன லேப்டாப் வாங்கப் போறீங்களா?

பிராசசர் பேரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி எடையைப் பாருங்க. 13 அல்லது 14 இஞ்ச் திரை, 1.3 கிலோவுக்குள்ள. விளம்பரத்துல சொல்ற எடையில சார்ஜர் சேராது, அதையும் கூட்டிக்கணும்.

டைப்-சி வழியா சார்ஜ் ஏறுற மாடலையே எடுங்க. போனுக்கும் லேப்டாப்புக்கும் 65 வாட் சார்ஜர் ஒண்ணே போதும். ஆனா டைப்-சி போர்ட் இருந்தாலே சார்ஜ் ஏறும்னு இல்ல. சிலதுல டேட்டா மட்டும்தான் போகும். 'பவர் டெலிவரி'ன்னு போட்டிருக்கான்னு பாருங்க. கேபிளும் முக்கியம்: 3 ஆம்பியர் கேபிள் 60 வாட்டோட நின்னுடும், அதுக்கு மேல வேணும்னா 5 ஆம்பியர் கேபிள்.

ரேம் 16 ஜிபிக்குக் குறையவே வேண்டாம். மெலிசான மாடல்கள்ல பெரும்பாலும் ரேமை போர்டுலயே சால்டர் பண்ணியிருப்பாங்க, பிறகு கூட்ட முடியாது. ஃபைல்களைச் சேமிக்கிற எஸ்எஸ்டி பல மாடல்கள்ல மாத்தக்கூடியது. காசை மிச்சம் பிடிக்கணும்னா அங்க பிடிங்க.

பேட்டரிக்கு விளம்பரத்துல சொல்ற மணிக்கணக்கை நம்பாதீங்க, வாட்-அவரைப் பாருங்க; பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும்ங்கிற அளவு அது. 56 வாட்-அவர் பேட்டரி, சராசரியா 8 வாட் இழுத்தா 7 மணி நேரம் வரும். வெளிச்சத்தை முழுசா ஏத்தி வீடியோ கால்ல உட்கார்ந்தா அதுல பாதிகூட வராம போகலாம்.

பழசு வாங்குறவங்க இன்டெல் 8ஆம் தலைமுறை பிராசசருக்குக் கீழ போகாதீங்க. அதுக்கு முந்தினதுல பெரும்பாலும் வின்டோஸ் 11க்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்ல. வின்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது.